மாதையன் ஒத்துக்கொண்ட திங்கட்கிழமை

பாடம் நடத்துவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதைப் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். விட்டுப்போனதைப் பிள்ளைகளே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஆனால் பள்ளிக்கூட வராந்தாவில் பத்துப் பேர் வந்து நின்று, உங்களிடம் உடனே ஒரு பதில் வேண்டும் என்று கேட்கும் நாள் ஒன்று வரும். எனக்கு அது வேலையில் சேர்ந்த நாலாவது வருடம் வந்தது. அன்று நான் செய்தது தவறு. எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பெண்ணாகரம் தாலுகாவில் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி. ஊர்ப் பெயர் வேண்டாம். பிள்ளைகளின் பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். நான் அங்கே கணக்கு ஆசிரியர், பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர்.

அந்த நாலு வருடத்தில் பிள்ளைகள் என் கண்ணெதிரிலேயே மாறிப்போனார்கள். நான் சேர்ந்தபோது பையன்கள் எண்ணெய் வழிய வகிடெடுத்து வந்தார்கள். பிறகு காதை மூடுகிற முடி வந்தது. முதலில் கால் பக்கம் அகன்ற பேன்ட், அடுத்த வருடமே இறுக்கிப் பிடித்த பேன்ட். அண்ணனுடையதைத் தம்பிக்குப் பிரித்துத் தைத்தே தையல்காரர் களைத்துப்போனார். பெண்பிள்ளைகள் சாந்தை விட்டு ஸ்டிக்கர் பொட்டுக்கு வந்தார்கள். கோயில் திருவிழாவுக்குக் கூத்து வைத்த ஊர்கள் வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தன. பாப்பாரப்பட்டியில் ஒரு பாய் ரேடியோ ரிப்பேர் கடையோடு கேசட்டில் பாட்டுப் பதிவு செய்து தரத் தொடங்கினார். எங்கள் பையன்கள் வெற்றுக் கேசட்டும் பாட்டுப் பட்டியலுமாக அங்கே போய் நிற்பார்கள். அந்தப் பட்டியலைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருப்பார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. வானொலியில் தன் பெயர் வர வேண்டும். மதியத்தில் நேயர் விருப்பம் என்று ஒரு நிகழ்ச்சி. அஞ்சலட்டையில் பாட்டின் பெயரையும், விரும்பிக் கேட்பவர்களின் பெயர்களையும் எழுதிப் போட்டால், என்றைக்காவது ஒருநாள் அறிவிப்பாளர் அந்தப் பெயர்களை வரிசையாக வாசிப்பார். வாசித்துவிட்டால் போதும், ஒரு வாரத்துக்கு அந்தப் பிள்ளையின் நடையே வேறாக இருக்கும். நாங்கள் ஆசிரியர்கள் இதைச் சிரித்துக்கொண்டே கண்டித்தோம்.

அந்த வருடம் நான் சாயங்காலத்தில் பதினொரு பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தேன். அதில் கலாவதி என்று ஒரு பெண். ஊரின் பெரிய விவசாயி ஒருவரின் மகள். பள்ளிக்கூடம் நின்ற நிலமே அவர் அப்பா எழுதிக்கொடுத்ததுதான். அதே பதினொரு பேரில் மாதையன் என்று ஒரு பையன். அவனுடைய அப்பா அந்த விவசாயியின் நிலத்தில் கூலி வேலை செய்தார். அவர்கள் வீடு ஊருக்கு வெளியே ஓடையைத் தாண்டி இருந்தது. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களும் இந்த மாவட்டத்தில்தான் வேலை பார்க்கப் போகிறீர்கள்.

ஜனவரி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. தலைமையாசிரியை கூட்டத்துக்காகத் தருமபுரி போயிருந்தார். அவருக்கு அடுத்தவர் மருத்துவ விடுப்பில் இருந்ததால் அன்றைக்குப் பொறுப்பு என்னிடம். முதல் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் கலாவதியின் அப்பா பத்துப் பேரோடு வந்து வராந்தாவில் நின்றார். கலாவதி அன்று பள்ளிக்கு வரவில்லை.

"சார், வெள்ளிக்கிழம ரேடியோவுல எம்புள்ள பேரும் அந்த மாதையன் பேரும் சேத்து வந்துச்சாமுங்க. கலாவதி, மாதையன்னு ஜோடியா. ஊரே சிரிக்குது" என்றார்.

"யாருங்க கேட்டது?"

"யாரு கேக்கல? அந்தக் கார்டு யாரு போட்டதுன்னு எனக்கு இப்ப தெரியணும். அப்புறம் எம்புள்ள டி.சி.ய குடுத்துடுங்க."

அவர் சத்தம் போடவில்லை. பின்னால் நின்றவர்கள்தான் போட்டார்கள். ஒருவன் மாதையன் எந்த ரூம் என்று கேட்டபடி வகுப்பு ஜன்னல்களில் எட்டிப் பார்க்கத் தொடங்கினான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மாதையன் அவர்கள் கையில் சிக்குவதற்குள் இதை முடித்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அந்த நினைப்பில் தப்பில்லை. அதன் பிறகு செய்ததெல்லாம் தப்பு.

மாதையனைத் தலைமையாசிரியை அறைக்கு வரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

"கார்டு போட்டியா?"

"இல்லைங்க சார்."

"உன் பேரு எப்படி வந்துச்சு?"

"தெரியலைங்க சார்."

மேசை மேலிருந்த பிரம்பை எடுத்து நாலு அடி அடித்தேன். வெளியே சத்தம் அதிகமானது. அவன் அழவில்லை. கையை மடக்கி மார்போடு வைத்துக்கொண்டு நின்றான். நான் குரலைத் தாழ்த்தி, இன்றைக்கும் எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கும் ஒன்றைச் சொன்னேன்.

"மாதையா, நான்தான் போட்டேன், வெளையாட்டுக்குப் போட்டேன்னு சொல்லிடு. ஒரு மன்னிப்பு கேட்டுடு. இத்தோட முடிஞ்சிடும். நான் பாத்துக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். "நான்தான் போட்டேனுங்க சார்" என்றான்.

எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவனை அறையிலேயே உட்கார வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய், பையன் ஒத்துக்கொண்டான், தண்டித்துவிட்டேன் என்று அறிவித்தேன். ஒரு பெயரைக் கொடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கூட்டம் கலையத்தான் செய்தது. ஆனால் கலாவதியின் அப்பா அசையவில்லை.

"சரிங்க சார். இப்ப டி.சி. எழுதுங்க."

"அதான் விளையாட்டுக்குச் செஞ்சதுன்னு சொல்லிட்டானே. பரீட்சைக்கு ரெண்டு மூணு மாசம்தான் இருக்கு. நல்லாப் படிக்கிற பொண்ணுங்க."

"ஒண்ணுமே இல்லாமயா ஒருத்தன் இத்தன தைரியமாக் கார்டு போடுவான்? இந்நேரம் வரைக்கும் எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு. நீங்கதான் இப்ப தீத்து வெச்சீங்க."

தலைமையாசிரியை கையெழுத்து இல்லாமல் டி.சி. தர முடியாது என்று சொல்லி, அவரிடம் எழுத்தில் மட்டும் விண்ணப்பம் வாங்கி வைத்தேன்.

மறுநாள் தலைமையாசிரியை வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். நான் நடந்ததை முழுவதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மூன்று கேள்விகள்தான் கேட்டார்.

"அந்தக் கார்டை நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை மேடம்."

"நிகழ்ச்சியை நீங்க கேட்டீங்களா?"

"இல்லை."

"கேட்டவங்க ஒருத்தரையாவது பார்த்தீங்களா?"

கலாவதியின் அப்பாவே "வந்துச்சாம்" என்றுதான் சொல்லியிருந்தார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"டி.சி. புத்தகம் தீர்ந்துபோச்சு, தருமபுரியிலேர்ந்து வரணும்னு சொல்லி ஒரு வாரம் தள்ளிப் போடறேன். அதுக்குள்ள தன் காதால கேட்ட ஒரு ஆளைக் கண்டுபிடிங்க" என்றார். பீரோவுக்குள் டி.சி. புத்தகம் முக்கால்வாசி வெற்றாக இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

புதன்கிழமை மாதையனின் அப்பா பள்ளிக்கு வந்தார். வராந்தாவில் ஏறாமல் கீழே நின்றுகொண்டு, "பெங்களூருக்கு அனுப்பிட்டனுங்க சார். எம் மச்சான் அங்க கட்டட வேல செய்யறான். எங்க பையனால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவாப் போச்சு, மன்னிச்சுக்கோணும்" என்று கும்பிட்டார். நான் சரி என்று தலையாட்டினேன்.

மூன்று நாள் விசாரித்தேன். டீக்கடைக்காரர் தானே கேட்டதாகச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கிண்டிக் கேட்டதும், முடி வெட்டுகிறவர் சொன்னதாகச் சொன்னார். அவர் மாவு மில்லில் கேட்டதாகச் சொன்னார். மில்லில் இருந்தவருக்கு அவர் மனைவி சொன்னாராம். அந்த அம்மா, "அடுப்படியில இருந்தேங்க, ரெண்டு பேருதான் காதுல உளுந்துச்சு, அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் என்னமோ சொன்னாங்க, குக்கர் சத்தத்துல கேக்கல" என்றார். ஊர் முழுக்கப் பேசியது அந்த ஒரு அடுப்படியிலிருந்து கிளம்பியதுதான்.

சனிக்கிழமை பாப்பாரப்பட்டி பாய் கடை நினைவுக்கு வந்தது. புதுப்பாட்டு கேசட் கடைக்கு வருவதற்கு முன்பே வானொலியிலிருந்து பதிவு செய்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அறிவிப்பாளர் பேசும்போது நிறுத்தி, பாட்டு தொடங்கும்போது மறுபடி ஓடவிடுவார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"போன வெள்ளிக்கிழமையா? அன்னிக்கு நான் கேசட்ட ஓடவிட்டுட்டுத் தொழுகைக்குப் போயிட்டேன் சார். வந்து பாத்தா பேச்சும் பாட்டும் கலந்து பாழாப் போயிருந்துச்சு. அழிச்சுடலாம்னு தனியாப் போட்டேன்" என்று ஒரு அட்டைப் பெட்டியைத் துழாவினார்.

கேசட் இருந்தது. கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டித் தேடிப் பிடித்தார். அறிவிப்பாளர் எங்கள் பள்ளியின் பெயரைச் சொன்னார். பத்தாம் வகுப்பு மாணவ மாணவிகள் என்றார். பெயர்களை வேகமாக வாசித்தார். என் சாயங்கால வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் வரிசையிலேயே அந்தப் பெயர்கள் வந்தன. ஒன்பது பெயர்களுக்குப் பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "கலாவதி, மாதையன்" என்றார். அப்புறம், "இவர்களுடன் இவர்களுடைய கணக்கு ஆசிரியர்" என்று சொல்லி, என் பெயரை வாசித்தார்.

பாய் கேசட்டை நிறுத்தினார். "உங்க பேரும்தான் சார் வருது. பன்னெண்டு பேருக்குமா சேத்துக் கல்யாணம் பண்ணி வெக்கப் போறாங்க?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "டேப் ரெக்கார்டரையும் எடுத்துட்டுப் போங்க, பேட்டரி புதுசு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை தலைமையாசிரியையும் நானும் கலாவதியின் வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா நாற்காலி போடச் சொன்னார். கலாவதி கண்ணில் படவில்லை. கேசட்டை ஓடவிட்டேன்.

"இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன். மூன்றாவது முறையும் கேட்டார். விரல்விட்டுப் பெயர்களை எண்ணினார்.

பிறகு, "நான் நம்பறேனுங்க. ஆனா இந்தப் பொட்டியத் தூக்கிட்டு வூடு வூடாப் போயி நான் போட்டுக் காட்ட முடியுமா? அந்தப் பையன் ஒத்துக்கிட்டான்னு ஊருக்கே தெரியும். நீங்கதான வந்து சொன்னீங்க?" என்றார்.

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்காகப் பேசப் போவதில்லை என்பது புரிந்தது.

"அவன் ஒத்துக்கலைங்க. இல்லைன்னுதான் சொன்னான். நான்தான் அடிச்சு, இப்படிச் சொல்லுன்னு சொல்லிக்கொடுத்தேன். அவன் அதையே திருப்பிச் சொன்னான்" என்றேன்.

கலாவதியின் அப்பா, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

"அன்னிக்கு உங்களோட வந்தவங்களக் கூப்பிடுங்க. அவங்க முன்னாலயும் சொல்றேன்."

ஆள் அனுப்பினார். ஏழு பேர் வந்தார்கள். கேசட்டைப் போட்டுக் காட்டி, நான் செய்ததையும் மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இல்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர், "அதெல்லாஞ் சரி, கார்டுன்னு ஒண்ணு போனது நெசந்தான? போட்டது யாரு? அந்தப் பையனக் காப்பாத்த வாத்தியாரு இப்ப மாத்திச் சொல்றாரு" என்றார். என் பழைய பேச்சும் புதுப் பேச்சும் அவர்கள் முன்னால் ஒரே எடையில் கிடந்தன. நான் செய்துவைத்தது அதுதான்.

கடைசியில் கலாவதியின் அப்பா, "பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன். பரீட்ச மட்டும் எழுதட்டும். நானே கூட்டியாந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். டி.சி. விண்ணப்பத்தைத் தலைமையாசிரியை அங்கேயே அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "பையன்?"

அடுத்த ஞாயிறு மாதையனின் அப்பாவிடம் போய் உண்மையைச் சொல்லி, விலாசம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குப் பஸ் ஏறினேன். நகரத்தின் வெளிப்பக்கம் ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடிக்குச் செங்கல் சுமந்துகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தலையிலிருந்த துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது கூச்சமாக இருந்தது.

"உன் பேரு இன்னும் ரெஜிஸ்டர்ல இருக்கு. வந்து பரீட்சை எழுது."

"வேணாமுங்க சார். அங்க வந்தா நான்தான் கார்டு போட்டவன். இங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"போடாத கார்டை ஏன் போட்டேன்னு சொன்ன?"

அவன் யோசித்துவிட்டு, "நீங்க அதத்தானுங்க சார் கேட்டீங்க" என்றான்.

அந்த வருடம் மாதையன் பரீட்சை எழுதவில்லை. பிற்பாடு அவன் எந்த நிலைக்கு வந்தான் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த என்னிடம் செய்தி எதுவும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்து போவான் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருடத்தில் எனக்கு அரூர்ப் பக்கம் மாறுதல் வந்துவிட்டது.

உங்களில் சிலர் இதற்குள் மனதில் ஒரு முடிவு எழுதியிருப்பீர்கள்: அவசரப்படக் கூடாது, அடிக்கக் கூடாது, ஆதாரம் பார்க்க வேண்டும். எல்லாம் சரிதான். நானும் அந்த இரண்டு மாதங்கள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தேர்வின் கடைசி நாள்தான் இன்னொன்று தெரிந்தது.

எங்கள் பள்ளியே தேர்வு மையம். கலாவதி தினமும் அப்பாவோடு வந்து, எழுதி முடித்ததும் அப்பாவோடு போய்விடுவாள். கடைசித் தேர்வு முடிந்து மணி அடித்தபோது நான் வராந்தாவில் நின்றிருந்தேன். அவள் அப்பா வாசல் வேப்பமரத்தடியில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். கலாவதி நேராக என்னிடம் வந்தாள்.

"சார், கார்டு நான்தான் சார் போட்டேன். நம்ம டியூஷன்ல இருக்கற எல்லார் பேரும் எழுதினேன். உங்களுக்குப் புடிக்கும்னு உங்க பேரும் எழுதினேன்."

"ஏம்மா அப்பவே சொல்லல?" என்றேன்.

"யாருமே என்னக் கேக்கல சார்."

உண்மைதான். பத்துப் பேர் வராந்தாவில் நின்றது அவளைப் பற்றிப் பேசத்தான். மூன்று நாள் டீக்கடை, மாவு மில் என்று அலைந்தேன். அவள் வீட்டுக்கே போய், அவள் அப்பாவுக்கு மூன்று முறை கேசட் போட்டுக் காட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கோ, தலைமையாசிரியைக்கோ, பெற்றவருக்கோ தோன்றவில்லை.

"அப்பாகிட்டச் சொல்லிடட்டுங்களா சார்?" என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இவளாவது தப்பித்துக்கொள்ளட்டும் என்று பட்டது. அவள் அப்பா பேச்சை முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். அவசரமாக ஒரு முடிவெடுத்து ஒரு பிள்ளையின் வாயில் வைக்கும் வேலையை நான் மறுபடி செய்ய இருந்தேன்.

"நீ என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டேன்.

"சொன்னா மாதையன் மேல இருக்கற பேரு போயிடுமா சார்?"

"ஊர்ல போயிடும். உனக்கு வீட்ல என்ன ஆகும்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"பரீட்சதான் முடிஞ்சுபோச்சே சார்" என்றாள். பரீட்சை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு மரத்தடிக்கு நடந்தாள்.

அவள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவள் அப்பா முதலில் குனிந்து கேட்டார். பிறகு நிமிர்ந்து நின்றார். கை ஓங்குவார் என்று நினைத்து நான் இரண்டு படி இறங்கினேன். அவர் ஓங்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பரீட்சை முடிந்த பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் மை தெளித்துக்கொண்டு அவர்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அவர் நடக்கத் தொடங்கினார். அவள் பின்னாலேயே போனாள். அவர்கள் வீட்டுக்குப் போக வாசலில் இடது பக்கம் திரும்ப வேண்டும். அவர் வலது பக்கம், ஓடையைத் தாண்டி மாதையனின் வீட்டுக்குப் போகும் பாதையில் திரும்பினார்.